மழைப் பாட்டில் துடுப்பு

முப்பத்தொரு வருட மண வாழ்க்கையில் ஒரே ஒரு வாதத்திலாவது மனைவியை ஜெயித்துவிடுவது என்று போன ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு முடிவு செய்தேன். அதுவரை தோற்றவற்றுக்கு என்னிடம் கணக்கு உண்டு. சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான்கு இலக்க எண்.

நான் தையல்காரன். கூச்ச சுபாவம். வாய்விட்டு ஒரு பாட்டுப் பாடியதில்லை. அதற்குப் பதிலாக, பிடித்த பாட்டுகளை நோட்டில் எழுதி வைப்பேன். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. அத்தனையும் மனப்பாடம். என் மனைவியின் வாயிலிருந்தோ பாட்டின் ஒரு வார்த்தைகூட வந்து நான் கேட்டதில்லை. ஒரு ‘லலலா’, ஒரு ‘தனனா’, ஒரு ‘ம்ம்ம்’. இந்த மூன்றை வைத்துக்கொண்டே வீட்டைப் பெருக்கி, துணி துவைத்து, மூன்று பிள்ளைகளையும் வளர்த்துவிட்டாள்.

அன்றும் ‘லலலா’வோடு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் ஒரு சட்டைக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன்.

“அந்தப் பாட்டுல வார்த்தைன்னு ஒண்ணு இருக்கு. எழுதினவன் பாவமில்லையா?”

“மெட்டு நல்லா இருந்தா போதுங்க. வார்த்தை, சட்டையில தொங்குற நூல் மாதிரி. வெட்டி எறிஞ்சா சட்டை கிழிஞ்சா போகும்?”

என் தொழிலை எடுத்தே என்னை அடித்தாள். விடுவேனா?

“வார்த்தைதான் துணி. மெட்டு சும்மா மேல போடுற இஸ்திரி!”

“அப்படியா? பந்தயம். தோத்தவங்க ஒரு வருஷம் பாத்திரம் கழுவணும்.”

“ஒரு வருஷமா?”

“பயமா இருந்தா ஆறு மாசம்.”

பயமா? எனக்கா?

“ஒரு வருஷம்!” என்றேன்.

நடுவராக மாடி வீட்டுப் பஸ் டிரைவரை அழைத்தேன். நியாயமான மனிதர். நடந்து போகும்போதுகூட சிவப்பு விளக்கைப் பார்த்தால் நிற்பவர்.

விதியை மனைவிதான் சொன்னாள். “மெட்டு ஒண்ணுமில்லேன்னு சொல்றாரில்லே அண்ணே? ஒரு பாட்டை மெட்டே இல்லாம, கரண்ட் பில் படிக்கிற மாதிரி சொல்லட்டும். முழுசா சொல்லிட்டா நான் தோத்தேன்.”

இவ்வளவுதானா! எனக்கு மிகப் பிடித்த மழைப் பாட்டை எடுத்தேன். பதினாறு வரி. அவள் ஒரு ஓரமாக உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள்.

“மழையே, சன்னலைத் தட்டு. மெதுவாகத் தட்டு. அவள் தூங்குகிறாள்...”

மூன்று வரி கம்பீரமாக வந்தது. நாலாவது வரவில்லை. மனதுக்குள் மெட்டைப் போட்டால் வந்துவிடும் என்று தெரியும். போட்டேன். அந்த நேரம் பார்த்து அவள் வெங்காயத்தோடு வேறு எதையோ முனகினாள். படகோட்டிப் பாட்டு! என் மெட்டு ஓடிப்போய் அவள் மெட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

“அவள் எழுந்தால்... எழுந்தால்... துடுப்பை எடுத்துப் போடு, கரை தெரியுது பார்!”

டிரைவர் நிமிர்ந்தார். “மழைப் பாட்டுல துடுப்பு எங்கேருந்து சார் வந்துச்சு?”

“நல்ல மழையாச்சே அண்ணே, வெள்ளம் வந்திருக்கும்” என்றாள் அவள்.

“இவ முனகுறா! இது செல்லாது!”

“மெட்டு வெறும் இஸ்திரின்னு சொன்ன மனுஷர், ஒரு முனகலுக்கே படகு ஏறிட்டாரே!”

டிரைவர் சிரித்த சிரிப்பில் நாற்காலியின் ஒரு கால் ஆடிப்போனது. தீர்ப்பைக் கையால்தான் காட்ட முடிந்தது. கை என் மனைவி பக்கம் நீண்டது.

திங்கட்கிழமை காலை. இருபத்தாறு பாத்திரம், ஒன்பது கரண்டி. முழங்கைவரை நுரை. கூடத்தில் அவள் என் நாற்காலியில் சாய்ந்து தேநீர் குடித்துக்கொண்டே பாட ஆரம்பித்தாள். மழைப் பாட்டு. முதல் வரி, நாலாவது வரி, பதினாறாவது வரி. ஒரு எழுத்துப் பிசகவில்லை.

நுரைக் கையோடு ஓடினேன்.

“உனக்கு வார்த்தை தெரியுமா?”

“ஏன் தெரியாம? நான் பாட்டுக் கேக்குறதே வார்த்தைக்காகத்தானே.”

“அப்போ மெட்டுதான் பெரிசுன்னு ஏன் சண்டை பிடிச்சே?”

“நானும் வார்த்தைதான்னு சொல்லியிருந்தா பந்தயம் எப்படிங்க வர்றது? அந்த டம்ளரை இன்னொரு தடவை அலசுங்க.”