ராபின் ஹூட் நாற்காலியும் நாட்டிங்ஹாம் மாப்பிள்ளையும்

கிரிம்தோர்ப், யார்க்ஷயர்.

அன்புள்ள மாப்பிள்ளை கிளிஃபர்டுக்கு, வில்ஃபிரட் எழுதுவது. இங்கு நானும் ஈனிடும் ஆடுகளும் என் மூட்டுவலியும் சௌக்கியம். அங்கு நீங்களும் என் தங்கை மேவிஸும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களுக்குக் கோபப்படாமல் பதில் எழுதவேண்டும் என்று ஈனிட் சொல்லியிருக்கிறாள். முயன்று பார்க்கிறேன்.

“ராபின் ஹூட் எங்கள் ஊர்க்காரன், யார்க்ஷயரில் அவனுக்கு என்ன வேலை?” என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் நாட்டிங்ஹாமில் அவனுக்கு இருப்பது ஒரு சிலை. அதன் கையிலிருக்கும் அம்பைக்கூட உங்களுக்குத் திருட்டுப்போகாமல் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. எங்களிடம் அவன் பெயரில் கிணறு இருக்கிறது, கடலோரத்தில் ஓர் ஊரே இருக்கிறது, கல்லறையும் இருக்கிறது. செத்த இடம் இங்கே இருக்கும்போது மனுஷன் கடைசியாக எங்கே இருந்திருப்பான்? எல்லாவற்றுக்கும் மேலாக, என் மேய்ச்சல் நிலத்து ஓரத்தில் அவன் உட்கார்ந்த நாற்காலிக் கல் இருக்கிறது. அதில் உட்கார்ந்தவரை, அவராக எழுந்திருக்கும்வரை யாரும் எழுப்பக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரர்தான் சாப்பாடு போடவேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். ராபின் ஹூட்டைப் பிடிக்க வந்த ஷெரீப்பின் ஆட்களே அவனை எழுப்ப முடியாமல் திரும்பிப் போனார்களாம். அப்போது பக்கத்து வீட்டில் இருந்த ஈனிடின் அப்பா எனக்குப் பெண் தர மறுத்தபோது நான் அதில் போய்த்தான் உட்கார்ந்தேன். சாப்பாடு போட்டுக் கட்டுப்படியாகாமல் அவர் சம்மதித்தார். அந்தக் கல் இல்லையென்றால் எனக்கு ஈனிட் இல்லை.

அந்தக் கல்லைத்தான் வெடிவைத்துத் தகர்த்துப் பாதையை அகலப்படுத்துவோம் என்று சாலை இலாகாவிலிருந்து மிஸ் ஹால்ராய்ட் என்ற பொறியாளர் அம்மாள் வரைபடத்தோடு வந்து நின்றாள். நான் விடுவேனா? குடையோடு போய் உட்கார்ந்துவிட்டேன். மழை கொட்டியது, குடை பறந்தது, என் நாயே என்னைத் தெரியாதது போல வீட்டுக்குப் போய்விட்டது. வழக்கப்படி அடுத்த பண்ணை ஏமஸ் குடம் குடமாக டீயும் கறி ஸ்டூவும் கொண்டுவந்தான், ஸ்டூவில் பாதி மழைத்தண்ணீர். எழுந்திருக்கவில்லையே! ஆனால் அவ்வளவு டீ குடித்தால் யாராக இருந்தாலும் சுவருக்குப் பின்னால் ஒருமுறை போகத்தானே வேண்டும்? போய்விட்டு வருகிறேன், அந்த அம்மாள் ஈர பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு என் கல்லில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறாள்.

“கொஞ்சம் எந்திரிங்கம்மா, அது என் இடம்” என்றேன்.

“உக்காந்தவங்கள எழுப்பக் கூடாதுன்னு காலையிலேருந்து நீங்கதானே கத்திக்கிட்டிருந்தீங்க?”

“அது எங்க ஊர்க்காரங்களுக்கு.”

“கல்லுக்கு அது தெரியுமா?”

ஏமஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, “வில்ஃப், கல்லுக்குப் பக்கத்து வீடு உன்னோடதுதான்பா. போய் சாப்பாடு கொண்டா” என்றான். துரோகி! வேறு வழி? என் கல்லை உடைக்க வந்தவளுக்கு என் வீட்டு இஞ்சிக் கேக்கையும் சீஸையும் நானே மழையில் சுமந்து போனேன். அவளோ நிதானமாகச் சாப்பிட்டு, இன்னொரு துண்டு கேட்டு வாங்கி, கல்லைத் தடவிப் பார்த்தாள். பிறகு வரைபடத்தை மடியில் விரித்துப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள்.

“பாதையக் கொஞ்சம் வளைச்சிட்டா கல்லு தப்பிச்சிடும்” என்றாள். வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த ஊரே கைதட்டியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆகவே மாப்பிள்ளை, யார்க்ஷயர் ஜெயித்துவிட்டது. இதை உங்கள் தெருவில் நாலு பேர் கேட்கச் சத்தமாகப் படியுங்கள். ராபின் ஹூட்டைத் திருடிய ஊரில் இனி நான் காலடி வைக்க மாட்டேன். மேவிஸுக்கு என் ஆசிகள். உங்களுக்கும் உண்டு, திருந்தினால்.

இப்படிக்கு,
தலைவணங்காத மைத்துனன்,
வில்ஃபிரட் சக்டன்

பின்குறிப்பு: ஈனிட் இப்போதுதான் கண்ணாடி போட்டுக்கொண்டு, அந்த அம்மாள் கொடுத்துவிட்டுப் போன வரைபடத்தைப் பார்த்தாள். வளைத்த பாதை எங்கள் சமையலறை வழியாகப் போகிறது. கல் இருக்கும், வீடு இருக்காது. சனிக்கிழமை அங்கே வருகிறோம், உங்கள் மாடி அறை போதும். யோசித்துப் பார்த்தால் ராபின் ஹூட் கொஞ்ச காலம் நாட்டிங்ஹாமிலும் இருந்திருப்பான் என்றுதான் எனக்கும் படுகிறது. கணப்புக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் உங்கள் சாய்வு நாற்காலியை மட்டும் காலியாக வையுங்கள். உட்கார்ந்தால் நானாகத்தான் எழுந்திருப்பேன்.