கடைசி பெஞ்சில் ஒரு துண்டு

கிணத்துக்கடவு வட்டாரத்திலிருந்து பரலோகத்துக்கு நேரடி பஸ் விட்ட ஒரே மனிதர் எங்கள் ரைட்டண்ணன்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்யும். அது அவர் வீட்டாருக்காவது ஞாபகம் இருந்தால் சரி.

உக்கடம் பொள்ளாச்சி பஸ்ஸில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற அன்று பையை ஒப்படைத்தார், விசிலை ஒப்படைக்கவில்லை. "வேல முடிஞ்சுது, இனி எதுக்கு இருக்கறதுன்னு மோட்டுவளையப் பாத்துட்டே கெடந்தனுங்க. கர்த்தர் வேற ரூட்டு போட்டுக் குடுத்துட்டாருங்க" என்பார். அந்த ரூட்டு எங்கள் சபை.

ஞாயிறு காலையில் ஆலய வாசலில் நின்றுகொள்வார். உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. உள்ளே பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும், ஜனங்களோ வாசலிலேயே தேங்கி நிற்பார்கள். "படியில நிக்காதீங்க, உள்ள போங்க! முன்னாடி பூரா காலியாத்தான கெடக்குது? ஏனுங்க பெரியவரே, தூணு சாஞ்சுக்கறதுக்கு இல்லீங்க!"

ஜெபம் முடிந்தால் நாங்கள் எல்லோரும் ஆமென் என்போம். அவர் மட்டும் "ரைட், ரைட்!" என்பார். போதகர் தனியே கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார். "வாய் பழகிப்போச்சுங்க ஐயா. கர்த்தருக்கு வெளங்குமுங்க" என்று முடித்துவிட்டார்.

ஒரு நாள் அடுத்தடுத்து இரண்டு கல்யாணம். முதல் மாப்பிள்ளை சம்மதம் சொல்ல வாய் வராமல் பெண்ணையும் போதகரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். வாசலிலிருந்து குரல் வந்தது. "ஏறறதுன்னா ஏறுங்க தம்பி, பின்னால வண்டி நிக்குது!"

இன்னொரு முறை பிரசங்கம் சாப்பாட்டு நேரத்தையும் தாண்டி ஓடியது. ஜனங்களை வனாந்தரத்துக்குள் கூட்டிக்கொண்டு போன போதகர் திரும்ப வெளியே கொண்டுவரும் வழியைக் காணோம். வாசலில் ஒற்றை விசில் கேட்டது. போதகர் பாதி வார்த்தையில் நின்றுவிட்டார். அவரும் அதே பஸ்ஸில் போய் வருகிறவர்தானே!

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த நாளில்தான் என் வீட்டுக்காரர் இறந்துபோனார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். நான் தலை வாரவில்லை, அடுப்புப் பற்றவைக்க மனமில்லை. ஜெபம் மட்டும் செய்தேன். என்னையும் எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே என்பதுதான் ஜெபம்.

ரைட்டண்ணன் வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அம்மணி, ஞாயித்துக்கெழம உங்களுக்கு எடம் போட்டு வெக்கறனுங்க."

"நான் வரலீங்கண்ணா. இனி நான் எதுக்குங்க உசுரோட இருக்கோணும்?"

"அது எனக்குத் தெரியாதுங்க. வண்டி எங்க போகுதுன்னு ஓட்டறவருக்குத்தான் தெரியும். எடம் இருக்குதா இல்லியாங்கறது மட்டும்தானுங்க எனக்குத் தெரியும். எடம் இருக்குது. வாரனுங்க."

பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள் அல்லவா, அப்படிப்பட்ட துண்டுகளை எடுத்து வெளியே வீசியே பேர் வாங்கியவர் அவர். அவரே அந்த ஞாயிறு ஆலயத்துக்கு வெளியே நின்று, பெண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில் ஜன்னல் வழியே துண்டு போட்டார். நான் போகவில்லை. மறு வாரமும் போட்டார். அதற்கு மறு வாரமும்.

அப்புறம் கோயமுத்தூரிலிருந்து ஒரு பெரிய போதகர் மனைவியோடு வந்தார். ஆலயம் நிரம்பி வழிந்தது. அந்த அம்மாள் காற்றுக்காக ஜன்னலோரம் உட்காரப் போனார். வாசலிலிருந்து ரைட்டண்ணன், "ஆள் வருதுங்க!" என்றாராம். அந்த அம்மாள் விடவில்லை. "பாட்டே ஆரம்பிச்சிட்டாங்க, இனிமே யார் வரப்போறா?" "வருவாங்க. கொஞ்சம் தள்ளி உக்காருங்க." கடைசியில் அந்த அம்மாள் உள்பக்கம் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்தார். துண்டு ஜன்னலோரம் காற்று வாங்கியது.

பக்கத்து வீட்டுச் செல்வி வந்து இதைச் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. நான் நாலு பேர் நிற்கிற கடைக்கே போகாதவள்.

"அய்யோ, எல்லாரும் என்னப் பத்தியா பேசறாங்க?"

"பின்ன என்னக்கா? நீங்க வந்திருந்தா உங்கள ஒருத்தரும் பாத்திருக்க மாட்டாங்க. வராமப்போயித்தான் சபையே அந்தத் துண்டப் பாத்துட்டு உக்காந்திருக்குது."

அந்தப் பேச்சில் இருந்த நியாயம் என்னைத் தூக்கி நிறுத்தியது. ஒளிந்துகொள்ள வேண்டுமானால் ஆலயத்துக்குப் போயே ஆகவேண்டும் என்று ஆகிவிட்டது. அடுத்த ஞாயிறு தலை வாரினேன், வெள்ளைச் சேலை கட்டினேன். தலையைக் குனிந்தபடி போய்த் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுதான் தாமதம், வாசலில் இரட்டை விசில்! சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ஆராதனை முடிந்ததும் ரைட்டண்ணன் வந்து, இனி அந்தப் பெஞ்சு உங்கள் பொறுப்பு என்றார். "மனசு ஒடஞ்சு வாரவங்க முன்னாடி போக மாட்டாங்க அம்மணி. கடைசியிலதான் வந்து உக்காருவாங்க."

"எனக்குப் பேச வராதுங்கண்ணா."

"பேச வேண்டாமுங்க. தள்ளி உக்காந்தாப் போதும்."

தள்ளி உட்கார்ந்தேன். பிள்ளையைப் பறிகொடுத்தவள் வந்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள் வந்தாள். என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டுப் போனார்கள். சில பேர் மறு வாரம் முன் பெஞ்சுக்கு நகர்ந்தார்கள். கர்த்தர் என்னை எதற்கு உயிரோடு வைத்திருக்கிறார் என்று இப்போது எனக்குச் சந்தேகமே இல்லை. கடைசி பெஞ்சில் தள்ளி உட்கார ஆள் வேண்டும். அதற்குத்தான்.

இந்த வருஷம் மழையில், படியில் நிற்காதே என்று ஊரையே விரட்டிய மனிதர் அதே படியில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் ஆகிவிட்டது, கோல் ஊன்றி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. அவரோ எழுந்திருப்பதாக இல்லை. பார்க்கப் போனேன். மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"டிப்போவுல போட்ட வண்டிங்க நானு. நிக்க முடியாதவன் வாசல்ல என்னத்தப் பண்றது? இனி எதுக்குங்க?" என்று சொல்லி, விசிலை எடுத்து என் கையில் வைத்துவிட்டார். அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது.

"எதுக்குன்னு எனக்குத் தெரியாதுங்கண்ணா. எடம் இருக்குது. அவ்வளவுதானுங்க தெரியும்" என்றேன்.

தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, இடம் எங்கே இருக்கிறது? அந்த மனிதர்தான் உட்கார்ந்ததே இல்லையே! வாசல் ஓரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அதன் மேல் அவருடைய துண்டை விரித்தேன். போன ஞாயிறு வெளியூர்க்காரர் ஒருவர் துண்டை ஒதுக்கிவிட்டு உட்காரப் போனார்.

"ஆள் வருதுங்க!"

யாரடா இப்படிக் கத்துவது என்று பார்த்தால், நான்தான். பிரசங்கம் நின்றது. சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

செல்வி போய் அவரிடம் நடித்தே காட்டியிருக்கிறாள். "அந்த அம்மணியா? கத்துச்சா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாராம். வருகிற ஞாயிறு ஆட்டோவுக்குச் சொல்லி வைத்திருப்பதாகக் கேள்வி.

அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் இரட்டை விசில் கொடுக்க வேண்டும். மாட்டுக் கொட்டகையில் நின்று ஊதிப் பழகிக்கொண்டிருக்கிறேன். மாடு மிரளத்தான் செய்கிறது. அண்ணன் வருகிறார் என்று அதனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.