பெருமூச்சுக்குக் கட்டம் இல்லை

அன்புள்ள இங்கிரித் அக்காவுக்கு, தேயா எழுதுவது.

நான் நலம். உன் நலமும், அரிசோனா வெயிலில் கருத்துப்போயிருக்கும் அத்தானின் நலமும் அறிய ஆவல். 'வேலையை நீங்களாக விட்டீர்களா, விடும்படி ஆனதா?' என்று வேலையில்லாதோர் உதவித்தொகை அலுவலகம் என்னைக் கேட்கிறது. நியாயமான கேள்வி. எவ்வளவு யோசித்தும் எனக்கு விடை தெரியவில்லை என்பதை உன்னிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

விதைக் கம்பெனியின் விலைப்பட்டியலுக்காகத் தக்காளியையும் பூசணியையும் வருடக்கணக்கில் புகழ்ந்து எழுதிய என்னை, முதலாளி வெர்லின் ஹேகன் நவம்பரில் கிடங்குக்கு மாற்றினார். தன் மேஜையையும் எனக்கு எதிரே போட்டுக்கொண்டார். முதல் நாளே குளிர் எலும்பைத் தொட்டது. நான் சொல்லாமல் இருந்தேன் என்று நினைக்காதே. "இன்னிக்கு சிலுசிலுன்னு இருக்கு, இல்ல?" என்று சொல்லத்தான் செய்தேன். "ஆமா தேயா, சிலுசிலுன்னுதான் இருக்கு!" என்று சிரித்தார். சிரித்துவிட்டு ஹீட்டரைக் குறைத்தார்! அடுத்த வாரம் இன்னும் குறைத்தார். நான் மேஜையில் உட்கார்ந்தபடியே கோட்டை மாட்டிக்கொண்டு, ஹீட்டரைப் பார்த்து உரக்கப் பெருமூச்சு விட்டேன். யாரும் குறையை வாய்விட்டுச் சொல்லாத நம் மின்னசோட்டாவில் ஒரு பெண் இதற்கு மேல் எப்படிக் கத்துவது, நீயே சொல். "கோட்டு புதுசா? அழகா இருக்கே" என்கிறார், காது மூடிய தொப்பிக்குள் சுகமாக இருந்துகொண்டு. கொழுப்பைப் பார்த்தாயா?

நெஞ்சில் சளி கட்டி, டாக்டர் திட்டிய பிறகுதான் வேலையை விட்டேன். குளிரால்தான் போகிறேன் என்று முகத்துக்கு நேரே சொன்னால் அவர் மனம் நோகுமே என்று, "வீட்டுல கொஞ்சம் வேலை இருக்கு" என்று சொல்லி வைத்தேன். கடைசி நாளில் எலுமிச்சை கேக் வேறு செய்துகொண்டு போனேன். அதற்குக் கிடைத்த பரிசு, போன மாதம் உதவித்தொகை அலுவலகத்திலிருந்து வந்த தொலைபேசி.

"மேடம், வீட்டு வேலைக்காக நின்னுட்டதா உங்க முதலாளி சொல்றாரே?"

"அது சும்மா மரியாதைக்குச் சொன்னதுங்க."

"குளிருதுன்னு அவர்கிட்ட புகார் பண்ணீங்களா?"

"பெருமூச்சு விட்டேன்."

"பெருமூச்சுக்கு எங்க படிவத்துல கட்டம் இல்லையேம்மா."

மனு தள்ளுபடி! முதலாளியிடம் குறையைச் சொல்லி, சரிசெய்ய அவருக்கு ஒரு வாய்ப்பும் கொடுத்திருந்தால்தான் உதவித்தொகையாம். மேல்முறையீடு செய்திருக்கிறேன். நாளைக் காலையில் தொலைபேசியில் விசாரணை. நீதிபதியோடு ஹேகனும் பேசுவார். தோற்றால், வீட்டைச் சூடாக்கும் ஹீட்டருக்கு எண்ணெய் வாங்க வழியில்லை. வசந்தம் வரும்வரை பூட்டிவிட்டு உங்கள் சோபாவுக்கு வர வேண்டியதுதான். அத்தான் "அதுக்கென்ன, தாராளமா வரட்டும்" என்பார். அதற்கு என்ன பொருள் என்று நம் இருவருக்கும் தெரியும். அதனால நாளைக்கு விடப்போறதில்லை அக்கா. பட்டுனு போட்டு உடைக்கப்போறேன். பொம்பளையை உறைய வெச்சு விரட்டின மனுஷன்னு அவர் காதுல விழறமாதிரியே சொல்லப்போறேன். இவ்வளவு பட்ட பிறகும், எத்தனை நாளைக்குத்தான் வாயை மூடிக்கிட்டு இருக்கறது?

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும்.

உன் தங்கை,
தேயா

பி.கு.: நேற்று இதைத் தபாலில் சேர்க்கவில்லை. இன்று விசாரணை முடிந்தது. சொல்லியேவிட்டேன்: "அந்த இடத்துல நான் உறைஞ்சே போயிட்டேன்." உடனே ஹேகனின் குரல்: "ஐயையோ, உங்களுக்கும் குளிருச்சா? சிலுசிலுன்னு இருக்குன்னு நீங்கதானே சந்தோஷமா சொன்னீங்க! உங்களுக்குப் பிடிச்சிருக்கேன்னுதானே நான் வாராவாரம் ஹீட்டரைக் குறைச்சேன்! எனக்குக் கால் விரலே மரத்துப்போச்சு, ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?" அதோடு விடாமல், "அவங்க மேல தப்பே இல்லைங்கம்மா, பணத்தைக் கொடுத்துடுங்க" என்று நீதிபதியிடம் கெஞ்ச ஆரம்பித்துவிட்டார். மனிதர் அப்படிப் பேசும்போது நான் எப்படிச் சும்மா இருப்பது? "இல்லைங்கம்மா, அவர் மேலதான் தப்பே இல்லை. குளிருதுன்னு நான் ஒருநாள்கூட அவர்கிட்ட சொன்னதில்லை" என்று குறுக்கே பாய்ந்தேன். தீர்ப்பு தபாலில் வருமாம். நான் சொன்னதை நீதிபதி ஒரு வார்த்தை விடாமல் தட்டச்சு செய்யும் ஓசை தொலைபேசியில் தெளிவாகக் கேட்டது.