மூன்றாம் மாடியில் ஒரு முருங்கைக்காய்க் கொலைகாரன்

துப்பறியும் கதைகளை அளவோடு படிக்கிறவர்களுக்கு அறிவு வளரும். அளவில்லாமல் படிக்கிறவர்களுக்கு அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் மேல் சந்தேகம் வளரும். நான் இரண்டாவது ரகம்.

அப்போது ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அம்மாவும் நானும் குடியிருந்தோம். எனக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. ஒரு கண் வேலையில், மறு கண் கைப்பேசியில் வெளிவந்துகொண்டிருந்த ஒரு தொடர்கதையில். அதில் இன்ஸ்பெக்டர் அதிவீரன், சப்-இன்ஸ்பெக்டர் யாழினி என்று இரண்டு பேர். பாகத்துக்கு ஒரு தொடர் கொலைகாரனைப் பிடிப்பார்கள். அதிவீரனுக்கு அடிக்கடி தாடை இறுகும். அதைப் பார்த்து யாழினிக்கு மூச்சு முட்டும். இரண்டு முகங்களும் நெருங்கி வந்து, முத்தத்துக்கு நூலளவு பாக்கி இருக்கும்போது அவன் ஃபோன் அடிக்கும். "சார், இன்னொரு பாடி!" (அந்த ஊரில் இத்தனை பேர் கொலையாவதே இவர்கள் முத்தத்தைக் கெடுக்கத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.)

எதிர் ஃபிளாட் ஹேமாவுக்கும் இதே பைத்தியம் என்பது எனக்கு லிஃப்டில்தான் தெரிந்தது. அவள் தி.நகரில் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தாள். சாயங்கால டியூட்டி. லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்து நின்ற பிறகும் இறங்காமல் ஃபோனில் மூழ்கிக் கிடந்தாள். எட்டிப் பார்த்தேன்.

"ஆறாம் பாகமா?" என்றேன்.

"ஐயோ, சொல்லிடாதீங்க! கொலைகாரன் யாருன்னு இன்னும் தெரியல!"

"பூக்கடைக்காரர்தான்" என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன். வாழ்க்கையில் நான் செய்த ஆகப் பெரிய தியாகம் அது. இது காதல்தான் என்று எனக்கே உறைத்ததும் அந்த நிமிடத்தில்தான்.

அதற்குப் பிறகு நாங்கள் தினமும் பேசினோம். பேச்சு முழுக்கப் பிணங்கள். (மற்றவர்கள் பெசன்ட் நகர் கடற்கரையில் ஐஸ்க்ரீம் சாப்பிட்டுக் காதலித்தார்கள். நாங்கள் கழுத்தில் கயிறு இறுகினால் எந்த நிறத்தில் தழும்பு விழும் என்று விவாதித்துக் காதலித்தோம். காதலித்தேன் என்று சொல்வதுதான் நியாயம். அவள் விவாதம் மட்டும்தான் செய்தாள்.)

இந்த நேரத்தில்தான் எங்கள் தலைக்கு மேலே, மூன்றாம் மாடிக்கு வரதராஜன் குடி வந்தார்.

ஐம்பது வயதிருக்கும். சாதுவான முகம். தொடர் கொலைகாரர்களுக்குச் சாதுவான முகம்தான் இருக்கும் என்பது ஒன்றாம் பாகத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்ட பாடம். அவர் மனைவி ரேவதி பார்த்தால் புன்னகைப்பார், பேசமாட்டார். பகலில் ரேவதி கண்ணில் படாததால், வேலைக்குப் போகிறார் என்று நாங்களாகவே முடிவு கட்டினோம். ஆனால் மத்தியான வேளைகளில் மேலே விதவிதமான பெண்குரல்கள் கேட்டன. ஒரு நாள் கொஞ்சும் குரல். ஒரு நாள் விசும்பும் குரல். ஒரு நாள் யாரோ ஒரு கிழவி. உள்ளே இத்தனை பேர் பேசுகிறார்களே தவிர, ஒருத்தியாவது வெளியே வந்து செருப்பு மாட்டி நாங்கள் பார்த்ததில்லை.

குடிவந்த வாரத்திலேயே அந்த வீட்டுக்கு வண்டி வண்டியாகப் பஞ்சு மெத்தைகள் ஏறின. இருக்கிறது இரண்டே பேர். பிறகு கறுப்புத் திரைச்சீலைகள். பிறகு அடுக்கடுக்காகக் காலி முட்டை அட்டைகள்.

"சத்தம் வெளிய வராம இருக்க மெத்தை. வெளிச்சம் உள்ள போகாம இருக்க திரை" என்றாள் ஹேமா.

"முட்டை அட்டை?"

அவள் யோசித்தாள். "ஆம்லெட் போடுவானா இருக்கும்."

எங்கள் வாட்ச்மேன் எத்திராஜ் கொண்டுவந்த தகவல்தான் எங்களை உறைய வைத்தது.

"சார், மூணாவது மாடி குப்பைய பாத்தியா நீ? முழு முட்டகோசு சார். கத்தியால குத்து குத்துனு குத்திக்கீது. முருங்கக்கா ஒரு கட்டு, அப்டியே ஒட்ச்சி ஒட்ச்சி போட்டுக்கீறாங்கோ. ஒண்ணுகூட சமைக்கல."

கோயம்பேட்டில் முருங்கைக்காய் விற்கும் விலைக்கு, அதை சாம்பாரில் போடாமல் உடைத்து எறிகிறவன் எதற்கும் துணிந்தவன்.

"முரளி, அவன் ப்ராக்டிஸ் பண்றான். இப்ப காய்கறி. அடுத்து..." ஹேமா முடிக்கவில்லை. அவள் கண்கள் என்னையே பார்த்தன. இதுதான் தருணம் என்று நான் தாடையை இறுக்கினேன்.

"என்ன, பல் வலியா? எங்க டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் போடவா?"

அந்த வாரமே அது நடந்தது. மத்தியானம் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். ஹேமா எங்கள் வாசலில் நின்று ஏழாம் பாகம் ஏன் இன்னும் வரவில்லை என்று அங்கலாய்த்துக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து படிக்கட்டு வழியாக ஒரு பெண்ணின் கதறல் வந்தது.

"வேணாம்! என்னை விட்டுடு! கிட்ட வராதே! அதிவீரன் உன்னைச் சும்மா விடமாட்டான்!"

'சதக்' என்று ஒரு சத்தம். அப்புறம் 'மடக்'.

ஹேமா என் கையைப் பிடித்தாள். "முரளி... கேட்டீங்களா? அவளும் நம்ம கதையைப் படிக்கிறவ!"

(இந்த இடத்தில் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எங்களுக்கு அன்று தோன்றவில்லை. சாகப்போகிற நேரத்திலும் ஒரு வாசகிக்கு அதிவீரன் பெயர்தான் வருகிறது என்று எனக்குக் கண் கலங்கியது.)

ஹேமா நூறுக்கு ஃபோன் போட்டாள். "அட்ரஸ் எழுதிக்குங்க, சீரியல் கில்லர், மூணாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யல" என்று மூச்சுவிடாமல் சொன்னாள். போலீஸ் வரும்வரை காத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அதிவீரன் ஒரு பாகத்திலாவது காத்திருந்திருக்கிறானா? நான் சமையலறைக்கு ஓடி சப்பாத்திக் கட்டையை எடுத்தேன். அவள் தன் வீட்டுக்கு ஓடி, கொசு அடிக்கிற கரண்ட் பேட்டோடு வந்தாள். சத்தம் கேட்டு வந்த எத்திராஜ் எங்களைப் பார்த்ததும், "நீ முன்னால போ சார், நான் பின்னால யாராச்சும் வராங்களானு பாத்துக்கறேன்" என்றார்.

கதவு தாழிடப்படவில்லை. தள்ளினேன். உள்ளே கும்மிருட்டு. கையை நீட்டினால் சுவரே மெத்தென்று இருந்தது. எனக்குப் பின்னால் ஹேமா, பேட்டை ஓங்கிப் பிடித்து, பட்டனை அழுத்தியபடி. (பட்டனை அழுத்தியபடி என்பதை மனதில் வையுங்கள். நான் வைக்கவில்லை.) ஒரு திரையை விலக்கினேன். சின்ன விளக்கு வெளிச்சத்தில் வரதராஜன் நின்றார். ஓங்கிய கையில் கத்தி. கீழே உருண்டையாக ஏதோ ஒன்று.

தலை!

நான் துள்ளிப் பின்னால் சாய்ந்தேன். என் பின்கழுத்து நேராகப் போய் அந்த பேட்டில் உட்கார்ந்தது.

அப்போது என்னிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை எப்படி எழுதுவது? 'ஆ' வில் தொடங்கியது. 'ஈ' வழியாக ஏறியது. தமிழில் எழுத்து இல்லாத ஓர் இடத்தில் போய் நின்று, அங்கேயே கொஞ்சநேரம் நடுங்கியது. சப்பாத்திக் கட்டை எத்திராஜின் காலில் விழுந்ததால் அவரும் தன் பங்குக்கு ஒரு கத்து கத்தினார். ஆனால் அது வெறும் ஆண்குரல்.

விளக்கைப் போட்டார்கள். கீழே இருந்தது பூசணிக்காய். அறை மூலையில், மைக்குக்கு முன்னால், ஹெட்ஃபோனோடு ரேவதி உட்கார்ந்திருந்தார். கொலையுண்ட பெண், கொஞ்சியவள், விசும்பியவள், கிழவி எல்லாம் அவர் ஒருவரே. எங்கள் தொடரை ஒலிக்கதையாகப் பதிவு செய்யும் வேலை அந்தத் தம்பதிக்கு. ரேவதி குரல் கொடுப்பார். வரதராஜன் பூசணியைக் குத்தி, முருங்கையை முறித்துக் கொலை செய்வார். மெத்தையும் திரையும் முட்டை அட்டையும் வெளிச்சத்தம் மைக்கில் விழாமல் தடுக்க.

ரேவதி ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தார். "தம்பி, அதே மாதிரி இன்னொரு தடவை கத்த முடியுமா?"

பதில் சொல்வதற்குள் போலீஸ் வந்துவிட்டது. ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர், பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள், அவர்களுக்குப் பின்னால் மொத்தக் கட்டடமும்.

"யாரு ஃபோன் பண்ணது?"

ஹேமா தன் கையிலிருந்த பேட்டால் என்னைக் காட்டினாள். (இதைப் பற்றி எங்களுக்குள் இன்றுவரை பேச்சுவார்த்தை நடக்கிறது.)

"பாடி எங்க?"

எத்திராஜ் பூசணிக்காயைக் காட்டினார்.

அந்த அம்மா பூசணிக்காயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அடுத்தவங்க வீட்டுக்குள்ள கட்டையோட புகுந்தா என்ன கேஸ் தெரியுமா? வேலை என்ன பண்றே நீ?" என்றார். வேலை போகும், அம்மாவின் மானம் போகும், ஹேமாவும் போவாள் என்று வரிசையாகத் தெரிந்தது. "சார், நீங்க கம்ப்ளெயின்ட் எழுதிக் கொடுங்க" என்று வரதராஜன் பக்கம் திரும்பினார்.

வரதராஜன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"கம்ப்ளெயின்டா? மேடம், மணப்பெண் சாகற சீனுக்கு ஒரு நல்ல அலறல் கிடைக்காம எத்தனை நாளா அல்லாடறோம்! இவளுக்குத் தொண்டையே போயிடுச்சு. இந்தத் தம்பி ஒரே டேக்ல கொடுத்துட்டாரு. இதை நாங்க உபயோகப்படுத்திக்கலாம்னு அவரு ஒத்துக்கிட்டா, எங்களுக்கு ஒரு கம்ப்ளெயின்டும் இல்ல."

ஒத்துக்கொண்டேன். அந்த நிலையில் சிறுநீரகம் கேட்டிருந்தாலும் ஒத்துக்கொண்டிருப்பேன்.

சப்-இன்ஸ்பெக்டர் அம்மா என்னைத் திட்டவேண்டிய அளவுக்குத் திட்டி, எழுதி வாங்கிக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று, கான்ஸ்டபிள்கள் இறங்கிப் போகிறவரை காத்திருந்து, ரேவதியிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இந்தப் பாகத்துலயாவது அவங்க ரெண்டு பேரும் சேர்றாங்களா?"

படியிறங்கும்போது ஹேமா சிரிக்க ஆரம்பித்தாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்து உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இனி அவ்வளவுதான் என்று நான் பக்கத்து வீட்டுக் கோலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கழுத்தைக் காட்டு" என்றாள். முதன்முதலாக 'நீ'. கட்டம் கட்டமாகச் சிவந்திருந்த இடத்தை மெதுவாக ஊதிவிட்டாள். "பயந்து செத்துட்டு இருந்தேல்ல? ஆனாலும் முன்னாடி போனியே." அவள் முகம் வெகு அருகில் இருந்தது. என் ஃபோன் அடித்தது.

அம்மா. "டேய், மேல யாரோ பொண்ணு கத்துதாமே, போலீஸெல்லாம் வந்திருக்காம். நீ வீட்டுக்குள்ள பத்திரமா இருக்கியா?"

ஏழாம் பாகம் ஒலிக்கதையாக வெளியானது. "அந்த மணப்பெண்ணின் அலறலைக் கேட்டு ராத்திரி தூங்கவில்லை" என்று நேயர்கள் எழுதினார்கள். "யார் அந்தச் சகோதரி? தேசிய விருது கொடுக்கலாம்" என்று ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் கல்யாண வரவேற்பில் ஹேமாவின் தம்பி அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டான். பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தவர் வாளியைப் போட்டுவிட்டு ஓடினார். இன்று நான் வீட்டுக்கு ஃபோன் செய்தால் ஹேமாவின் கைப்பேசியில் ஒலிப்பது அந்த அலறல்தான். அவள் பதறாமல் எடுத்து, "சொல்லு, வெங்காயம் வாங்கிட்டியா?" என்பாள்.

போன மாதம் மகளின் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். யூ.கே.ஜி. வகுப்பில், யார் யார் அப்பா என்னவாக இருக்கிறார் என்று கேட்டார்களாம். ஒருவன் டாக்டர் என்றானாம், ஒருத்தி எஞ்சினியர் என்றாளாம். எங்கள் வீட்டுச் செல்வம் எழுந்து நின்று, தெள்ளத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது:

"எங்கப்பா ஒரு செத்துப்போன அக்கா."

டீச்சர் மிகுந்த அக்கறையோடு, "வீட்ல ஏதாவது பிரச்சினையா சார்?" என்றார். எங்கிருந்து தொடங்கி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டு, ஒரு தடவை கத்திக் காட்டிவிட்டு வந்தேன்.