முப்பது கழித்தல் முப்பது

மான் சுட எந்தக் காலிபர் துப்பாக்கி பொருத்தமானது என்ற கேள்வியை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில மக்கள் இத்தனை காலம் சாராயக் கடையில் வைத்தே தீர்த்துக்கொண்டிருந்தார்கள். அது நாகரிகமாகப் படாததால், கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகம் 'பொருத்தமான குழல்விட்டத் தேர்வுப் பிரிவு' என்று ஓர் அலுவலகத்தைத் திறந்து வைத்தது. சான்றிதழ் இல்லாதவர் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது.

நார்பர்ட் விஷ்னெவ்ஸ்கி துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குக் கிளம்பினார். வேட்டைக்காலம் ஒன்பதே நாள். மான் கிடைக்காவிட்டால் குளிர்காலம் முழுக்க வீட்டில் இறைச்சி இல்லை. மனைவி லாவெர்ன் உறைபெட்டியைக் கழுவித் துடைத்து, "இந்த வருஷம் வெறுங்கையோட வந்தீங்க, உங்களைத்தான் இதுல வைப்பேன்" என்று சொல்லியிருந்தாள்.

போதாக்குறைக்கு ஊரெல்லாம் 'ஆறரை' மோகம். ஆறரை மில்லிமீட்டர் துப்பாக்கி இல்லாதவனை மனுஷனாகவே மதிப்பதில்லை. பக்கத்து வீட்டு டுவெய்ன் ஆறரை என்று எழுதிக் கொடுத்து, ஒரே நிமிஷத்தில் சான்றிதழோடு வெளியே வந்தான். அந்த ஆறரை நார்பர்ட்டுக்கு ஏழரையாக வந்து வாய்த்தது.

"உங்க காலிபர் என்ன அண்ணே?" என்றாள் அலுவலக எழுத்தர் ஷெர்லி.

"முப்பது-முப்பது."

நடுவில் கோடு போட்டுத் தட்டினாள். கணினி யோசித்தது.

"பூஜ்யம்னு வருது."

"என்னம்மா பூஜ்யம்? முதல் முப்பது குழலோட அளவு. ரெண்டாவது, அந்தக் காலத்துல போட்ட வெடிமருந்தோட எடை. அது பேரும்மா, கணக்கு இல்ல."

"கோடு போட்டா கழித்தல்தான் அண்ணே. நேத்து ஒருத்தர் முப்பது-ஆறு கொண்டு வந்தார். இருபத்துநாலுன்னு வந்துச்சு. மறுபேச்சு பேசாம கையெழுத்துப் போட்டுட்டுப் போனார். உங்களுக்குப் பூஜ்யம். அப்படின்னா உங்ககிட்ட துப்பாக்கியே இல்லை."

"தோள்ல தொங்குதே, இது என்ன, விளக்குமாறா?"

"அதுக்கு இங்க கட்டம் இல்லையே."

"சரி, இதை எடுத்துட்டுக் காட்டுக்குப் போனா தப்பா?"

ஷெர்லி விதிப் புத்தகத்தை அக்கறையாகப் புரட்டினாள். இல்லாத துப்பாக்கியைக் கொண்டுபோகக் கூடாது என்று எங்கேயும் இல்லை. 'ஆயுதமற்றவர், சான்றிதழ் தேவைப்படாதவர்' என்று முத்திரை குத்தினாள். நார்பர்ட்டும் வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

வேட்டைக்காலம் தொடங்கிய சனிக்கிழமை காலையிலேயே எட்டுக் கிளைக் கொம்போடு ஓர் ஆண்மான் விழுந்தது. பதிவு செய்யப் போனார்.

"துப்பாக்கி இல்லாதவர் சுட முடியாது. அதனால இது தானா செத்த மான்" என்றாள் ஷெர்லி. "ஆளுக்கு ஒரு மான்னு கணக்கு, உங்க பங்கு அப்படியே இருக்கு. இன்னொண்ணு சுட்டுக்கலாம்."

செய்தி ஊர்க்காரர்கள் கூடும் மீன்வறுவல் விருந்தை எட்டியது. அவ்வளவுதான், ஆறரையைச் சீந்த ஆளில்லை. டுவெய்ன் பரணில் துருப்பிடித்துக் கிடந்த முப்பது-முப்பதைத் தூசி தட்டி எடுத்தான். ஊரே எடுத்து, ஷெர்லியிடம் போய்ப் பூஜ்யத்துக்குக் கையெழுத்துப் போட்டது. எட்டு நாளில் உறைபெட்டிகள் மூட முடியாமல் திணறின. லாவெர்ன் தொத்திறைச்சி அடைத்து அடைத்துக் கை ஓய்ந்தாள். அந்தக் குளிர்காலத்தில் நார்பர்ட்டுக்கு வீட்டில் இருந்த மரியாதையே வேறு.

அடுத்த இலையுதிர்காலத்தில் அலுவலகக் கதவில் அறிவிப்பு தொங்கியது: 'சென்ற ஆண்டு இக்கவுண்டியில் வேட்டையாடப்பட்ட மான்கள்: பூஜ்யம். தானாக இறந்தவை: இரண்டாயிரத்து நூற்றுப் பதினொன்று. மக்களுக்கு வேட்டையில் நாட்டமின்மையையும், மான்களிடையே பரவிவரும் மர்ம நோயையும் கருத்தில் கொண்டு, வேட்டைக்காலம் காலவரையின்றி ரத்து செய்யப்படுகிறது.'

வேட்டைக்கான ஆரஞ்சு நிறக் கோட்டு மாட்டிய நூறு பேர் நார்பர்ட்டை முன்னால் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தார்கள்.

"ஏம்மா, நோயும் இல்ல, ஒண்ணும் இல்ல. நாங்கதாம்மா சுட்டோம்!" என்றார் நார்பர்ட்.

ஷெர்லி போன வருஷக் காகிதங்களைக் கட்டாக எடுத்து மேஜைமேல் வைத்தாள். எல்லாவற்றிலும் கையெழுத்து இருந்தது.

"முப்பதுல முப்பது போனா பூஜ்யம்னு நூறு பேரும் ஒத்துக்கிட்டீங்களே அண்ணே. ரெண்டாவது மான் கிடைச்சப்போ, கணக்கு தப்புன்னு சொல்ல ஒருத்தராவது வந்தீங்களா?"

டுவெய்ன் பின்னாலிருந்து மெதுவாக, ஆறரைக்காரர்களுக்காவது அனுமதி உண்டா என்று கேட்டான்.