இரண்டு விரலால் தூக்கிய சைக்கிள்

எடையைக் குறைத்தே தீருவது என்று ரூலோஃப் முடிவெடுத்தார். தன்னுடையதை அல்ல, சைக்கிளுடையதை.

எல்லாம் அவர் மனைவி ஃபெம்கேயால் வந்த வினை. அவர்கள் ஊரான டெவென்டரிலிருந்து, வெள்ளம் தடுக்கப் போட்ட ஆற்றங்கரை அணை மேலேயே மிதித்துப் போனால் ஓல்ஸ்ட். அங்கே ஃபெம்கேயின் அக்கா ட்ரூஸ் வீடு. ஞாயிறு தவறாமல் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்புவார்கள். ஹாலந்தில் மேடு கிடையாது. அதற்குப் பதிலாகக் காற்று உண்டு. எந்தத் திசையில் போனாலும் எதிரேதான் வரும். அந்தக் காற்றில் ஃபெம்கே, அவள் அம்மா காலத்து இரும்பு சைக்கிளில், முதுகை நிமிர்த்திக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி முன்னால் போவாள். ரூலோஃப் நாக்குத் தள்ளப் பின்னால் போய்ச் சேர்வார். ட்ரூஸின் புருஷன் பெரென்ட் வாசலில் நின்று, "வாங்க, காப்பி ஆறிப்போச்சு" என்பான். போன வாரம், "நேத்தே கிளம்பியிருக்கலாமே" என்று கேட்டுவிட்டான். அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

கார்பன் சைக்கிள் ஒன்று வீட்டுக்கு வந்தது. சமையலறை நடுவில் நின்று அதைத் தூக்கிக் காட்டினார்.

"பார்த்தியா ஃபெம்கே? ரெண்டே விரல்!"

"எதுக்குத் தூக்கிக்கிட்டு நிக்கிற? ஓட்டத்தானே வாங்கின?"

"உனக்குப் புரியாது. பழசைவிடப் பத்து கிலோ கம்மி. பறக்கும்!"

"பத்து கிலோவா? அது உன் சட்டைக்குள்ளேயே இருக்கே தங்கமே. கடைக்கே போகாம குறைச்சிருக்கலாம்."

ரூலோஃப் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை பெரென்டுக்குப் பிறந்தநாள். பந்தயம் வச்சுக்கலாமா?"

"வச்சுக்கலாமே. அக்கா வீட்டு மணியை யார் முதல்ல அடிக்கிறாங்களோ அவங்க ஜெயிச்ச மாதிரி. நீ ஜெயிச்சா, உன் தொப்பையைப் பத்தி இனிமே வாயே திறக்க மாட்டேன்."

"நீ ஜெயிச்சா?"

"குரோக்கெட் நின்னுடும்."

ரொட்டித் தூளில் புரட்டி எண்ணெயில் பொரித்த அந்த இறைச்சிக் குரோக்கெட்டுக்காகத்தான் அவர் வாரம் முழுக்க வேலைக்கே போனார். இருந்தாலும் ஆண்பிள்ளைச் சிங்கம். சரி என்று தலையாட்டிவிட்டார்.

மறுநாள் ஃபெம்கே சைக்கிளைச் சுற்றி வந்தாள்.

"மட்கார்டு இல்லையே. மழை பெஞ்சா முதுகெல்லாம் சேறோட போய்ப் பிறந்தநாள் கேக் சாப்பிடப்போறியா?"

நியாயம்தானே? மட்கார்டு மாட்டினார்.

"ஸ்டாண்டு இல்லாம இதை எங்க சாய்ப்ப? பெரென்டோட ரோஜாச் செடியிலயா?"

ஸ்டாண்டு வந்தது.

"இந்த விலை கொடுத்து வாங்கிட்டு நூல் மாதிரி ஒரு பூட்டா? ரெண்டு விரலால நீ தூக்கினா, திருடன் ஒரு விரலால தூக்கிட்டுப் போவான்."

கப்பல் கட்டும் சங்கிலி போல ஒன்று வந்தது. கடைசியாகக் கேரியர். அதை ஃபெம்கேயே கடைக்கு வந்து தேர்ந்தெடுத்தாள். "ஆளே உக்காரலாம், அசையாது" என்றார் கடைக்காரர். "அதேதான் வேணும்" என்றாள் அவள். இப்போது சைக்கிளைத் தூக்க ரூலோஃபுக்கு இரண்டு கையும் ஒரு முனகலும் தேவைப்பட்டன. ஆனாலும் கார்பன் கார்பன்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஞாயிறு காலை ஃபெம்கேயின் சைக்கிள் டயர் தரையோடு தரையாகக் கிடந்தது.

"ஐயோ பாவம்! அப்போ நான் ஜெயிச்சேன்" என்றார் ரூலோஃப்.

"மணியை அடிச்சாத்தானே? நான் உன் பின்னால உக்கார்ந்து வரேன். பந்தயம் அப்படியே இருக்கட்டும்."

ரூலோஃபுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒரே சைக்கிளில் முன்னால் இருப்பவன்தானே முன்னால் போய்ச் சேர முடியும்! மனைவிக்குக் கணக்கு வராது என்று நினைத்தபோது அவருக்கு அவள்மேல் பாசமே பொங்கிவிட்டது. "ஏறு ஏறு" என்றார்.

அவள் பக்கவாட்டில் உட்கார்ந்து கேக் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். அணை மேல் ஏறியதும் காற்று அறைந்தது. ரூலோஃபின் கன்னம் பீட்ரூட்டானது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் நிமிர்ந்து பார்த்தன. ஒரு கிழவர் மணியடித்து முந்திக்கொண்டு போனார். பின்னாலிருந்து முணுமுணுப்புப் பாட்டு மட்டும் நிற்கவேயில்லை.

ஓல்ஸ்ட் வந்தது. ட்ரூஸின் வீட்டு வேலி தெரிந்தது. ரூலோஃப் பிரேக் பிடிப்பதற்குள் கேரியர் லேசானது. ஓடுகிற சைக்கிளிலிருந்து குதிக்க அந்த ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடம் போகும்போதே கற்றுவிடுகிறார்கள். டப்பா குலுங்காமல் இறங்கி நடந்தாள் ஃபெம்கே. ரூலோஃப் இறங்கினார். ஸ்டாண்டைத் தட்டினார். அப்படியே ஓடலாம்தான்; ஆனால் இவ்வளவு விலை கொடுத்த சைக்கிளைப் பூட்டாமல் விட முடியுமா? சங்கிலியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது.

உள்ளே நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உறவுக்கூட்டம் உட்கார்ந்திருந்தது. பிறந்தநாள் பெரென்டுக்கு என்றாலும், அந்த ஊர் வழக்கப்படி வாழ்த்தும் கைகுலுக்கலும் எல்லாருக்கும். வட்டம் முழுக்கக் கைகுலுக்கி முடித்ததும் ரூலோஃப் வெடித்தார்.

"இது செல்லாது! மிதிச்சது பூரா நான்!"

"யார் இல்லேன்னாங்க?" என்றாள் ஃபெம்கே. அப்புறம் எல்லாருக்கும் கேட்கும்படி, மெல்லிய குரலில், "ஏன் ரூலோஃப், நான் ரொம்பக் கனமாவா இருந்தேன்?"

பெரென்ட் கரண்டியைக் கீழே வைத்தான். ட்ரூஸ் கையைக் கட்டிக்கொண்டாள். அத்தனை பெண்களும் ரூலோஃபின் வாயையே பார்த்தார்கள்.

"சேச்சே," என்றார் ரூலோஃப், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "இறகு மாதிரி இருந்தே."

"கேட்டீங்களா? பின்னால ஒரு முழு ஆளே உக்கார்ந்திருந்தும் இவருக்கு ஒண்ணும் தெரியலையாம். இதுல பத்து கிலோ குறையுதுன்னு புதுசா ஒரு சைக்கிள்!"

பெரென்ட் சிரித்த சிரிப்பில் அவனுக்குப் புரையேறியது. அந்த நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து சுடச்சுடக் குரோக்கெட் தட்டு வந்தது. வாசனை முதலில் வந்தது. ரூலோஃபின் கை தானாக நீண்டது. ஃபெம்கே அந்தக் கையை அன்பாகப் பிடித்து, அதில் ஒரு கேரட் துண்டை வைத்தாள்.

"நல்லாச் சாப்பிடு தங்கமே. திரும்பிப் போறப்பவும் இறகு பின்னாலதான் உக்காரும்."