தயவுசெய்து புகார் கொடுங்கள்

புகார்ப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டியபோது ஒரு பழைய பஸ் டிக்கெட் மட்டும் விழுந்தது. இலக்கு அதிகாரி அதை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் யாராவது எதையாவது கிறுக்கியிருந்தால் அதையே புகாராகச் சேர்த்துவிடலாம் என்ற நப்பாசைதான். வெறும் காகிதம்.

"மூணு வாரமா இதே கதைதான் சார்," என்றார் வாசல் காவலர். "தெருவுல யாருக்குமே நம்ம மேல கோபம் இல்ல போல."

நல்ல செய்தி சொல்வதாக அவர் நினைத்துக்கொண்டார். அதிகாரி காலிப் பெட்டிக்குள் மறுபடி கையை விட்டுத் துழாவினார்.

அது ஒரு சோப்புத் தொழிற்சாலை. இவர் அங்கே இருபத்திரண்டு வருஷம் ஸ்டோர்ஸில் இருந்தவர். டிரம் எண்ணுவது, சாவி வாங்குவது, சாவி கொடுப்பது. அந்த வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டதும் கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். இவர் முறை வந்த வாரத்தில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது: ஒவ்வொரு கிளையிலும் நீடித்த வளர்ச்சி மற்றும் சமூகப் பொறுப்பு இலக்கு அதிகாரி என்று ஒருவர் இருந்தாக வேண்டும். மேலாளர் அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தார். கையில் வேலை இல்லாமல் நின்றவர் இவர் ஒருவர்தான். பதவியின் பெயர் மேஜைப் பலகையில் அடங்கவில்லை. எழுதுகிறவர் 'இலக்கு அதிகாரி' என்பதை மட்டும் பெரிதாகப் போட்டு, மீதியைப் பொடி எழுத்தில் தள்ளிவிட்டார்.

பத்து வருஷத்துக்கு ஐந்து இலக்குகள். மின்சாரம், தண்ணீர், கழிவு, மேற்பார்வைப் பொறுப்பில் பெண்கள் ஆகிய நாலும் பிரச்சினை இல்லாமல் போயின. ஒன்றுக்கு மீட்டர் இருந்தது, ஒன்றுக்குப் பதிவேடு இருந்தது. ஐந்தாவதுதான் வில்லங்கம்: அக்கம்பக்கத்தார் புகார்களைப் பத்து வருஷத்தில் பாதியாகக் குறைக்க வேண்டும்.

குறைப்பதற்கு முதலில் புகார் இருக்க வேண்டுமே. வாசல் பதிவேட்டில் பதினோரு வருஷமாக ஒரு புகார்கூட இல்லை. பெருமையோடு கம்ப்யூட்டர் படிவத்தில் பூஜ்யம் என்று அடித்தார். கட்டம் சிவப்பாகிவிட்டது. பூஜ்யத்தில் பாதி எவ்வளவு என்று அதற்குத் தெரியவில்லை. போனால் போகிறது என்று ஒன்று போட்டார். பாதிப் புகார் என்று ஒன்று கிடையாது என்றது. தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டால், அங்கிருந்த பெண் மிகவும் மரியாதையாக, புகாரே இல்லாத தொழிற்சாலை உலகத்தில் கிடையாது, மறைக்கிறீர்கள் அல்லது யாரையும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டாள். மாதக் கடைசிக்குள் எண் வராவிட்டால் அந்தப் பதவி தேவைதானா என்று மறுபடி யோசிப்பார்களாம்.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "எப்படியாவது ஒரு பத்து தேத்திட்டு வாங்க."

"யாரும் குறை சொல்லலையே மேடம்."

"இப்ப அதுதாங்க குறையே."

தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டி ஒரு தெரு. ஒரு பக்கம் முழுக்கச் சுவர், எதிர்ப்பக்கம் இருபத்திரண்டு வீடுகள், முனையில் ஒரு தையல்கடை. இலக்கு அதிகாரி கையில் குறிப்பேட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். முதல் வீட்டில் உட்காரவைத்து டீ கொடுத்து, சோப்பு வாசனை காற்றில் வருவதால் கொடியில் காயும் துணிகூட மணக்கிறது என்றார்கள். அடுத்த வீட்டுக்காரர் காலைச் சங்கை வைத்துத்தான் கடிகாரத்துக்கே நேரம் வைப்பதாகச் சொன்னார். மூன்றாவது வீட்டு அம்மா இவரைக் கண்டதுமே பதறிப்போய், இனிமேல் பையன்கள் அடிக்கிற பந்து சுவர் தாண்டி வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்று மன்னிப்புக் கேட்டாள். தெருவைச் சுற்றி முடித்தபோது அவர் கணக்கில் நான்கு டீயும் ஒரு மன்னிப்பும் இருந்தன. புகார் இல்லை.

கடைசியாகத் தையல்கடை ஸ்டூலில் வந்து விழுந்தார். கழுத்தில் டேப் தொங்க, டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டு என்ன ஏது என்று விசாரித்தார். அவ்வளவுதான், அடைத்துவைத்ததெல்லாம் கொட்டிவிட்டது. படிவம், சிவப்புக் கட்டம், மாதக் கடைசி, கல்லூரியில் இரண்டாவது வருஷம் படிக்கிற மகள் என்று ஒன்றுவிடாமல் சொன்னார்.

"நாப்பத்தெட்டு வயசுல இனிமே யாருண்ணே என்னை வேலைக்கு எடுப்பாங்க?"

டெய்லர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "கம்பெனி ஆளு நேர்ல வந்து கேட்டா யாரு வாயைத் திறப்பா? நாலு பேரு வந்து போற கடை இது. பயப்படாம எழுதிப் போடுங்கன்னு சொல்லிப் பாக்கறேன்."

இலக்கு அதிகாரிக்குச் சுருக்கென்றது. பயமா? இத்தனை வருஷமும் இந்த ஜனங்கள் மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்கியிருக்கிறார்களா?

நாலாவது நாள் பெட்டியில் பதினான்கு புகார் இருந்தது. எண்ணிப் பார்த்தார், மறுபடி எண்ணினார். படிவத்தில் பதினான்கு என்று அடித்ததும் கட்டம் பச்சையானது. பத்தாவது வருஷத்தில் ஏழு. எவ்வளவு அழகான கணக்கு. அன்று வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

"புகார் வந்ததுக்கா இவ்வளவு சந்தோஷம்?" என்றாள் அவள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா உக்காந்த இடத்துல இருபது எழுதிக் கொடுத்திருப்பேனே."

அதை அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வழிமுறைப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அங்கேதான் வந்தது வினை. வந்த புகாரை எல்லாம் அறுபது நாளில் தீர்த்து, கொடுத்தவரிடம் கையெழுத்தும் வாங்க வேண்டுமாம்.

வேறு யாராவது என்றால் இரண்டு இனிப்பான வார்த்தை பேசிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்திருப்பார்கள். இவருக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. பதினோரு வருஷம் வாய்மூடி இருந்தவர்களாயிற்றே.

முதல் புகார், சுவர் விளக்கின் வெளிச்சம் படுக்கையறையில் விழுந்து தூக்கம் கெடுகிறது என்பது. நேரில் போய்ப் பார்த்தார். படுக்கையறை வீட்டின் பின்பக்கம் இருந்தது. வீட்டுக்காரர் லேசாகச் செருமிவிட்டு, வெளிச்சம் சுற்றி வந்து விழுகிறது என்றார். இருக்கும், வெளிச்சத்தின் போக்கை யார் கண்டது என்று அதிகாரி விளக்கை அணைக்கச் சொன்னார். தெரு இருட்டில் மூழ்கியது. ஒருவருக்குக் கால் பிசகியது. பெட்டியில் மூன்று புதுப் புகார். ஆகவே வெயிலில் சார்ஜ் ஏறி எரிகிற ஒன்பது விளக்குகளை, தொப்பி வைத்து, வெளிச்சம் தரையில் மட்டும் விழும்படி தாழ்வாகப் பொருத்தினார். மேலாளர் பெருமூச்சோடு கையெழுத்துப் போட்டார்.

அடுத்தது சங்கு. காது கிழிகிறது என்று எழுதியிருந்தார்கள். சத்தத்தைப் பாதியாகக் குறைத்தார். மறுநாள் தெருவில் பாதிப் பேர் எழுந்திருக்கவே இல்லை. வேலைக்குத் தாமதம், பள்ளிக்கூடத்துக்குத் தாமதம், ஏழு புகார். சத்தத்தைப் பழையபடி ஏற்றி, கீச்சென்ற குரலை மட்டும் கனமாக மாற்றச் சொன்னார். இப்போது சங்கு மாடு கத்துவதுபோல இருக்கிறது என்று ஒரு புகார் வந்தது. அதை மட்டும் அவரால் தீர்க்க முடியவில்லை. அவருக்கே அப்படித்தான் கேட்டது.

எல்லாவற்றையும்விடப் பெரியது சுவர். கம்பெனிச் சுவரால் வீட்டுக்குள் காற்றே வருவதில்லை என்று ஒரு புகார். மேலாளரின் கையைக் காலைப் பிடித்து நூறடி நீளத்துக்குச் சுவரை இடுப்பளவுக்கு இடித்துக் கம்பிவலை போட்டார். காற்று வந்தது. கூடவே காட்சியும் வந்தது. சுவருக்குப் பின்னால் ஆளுயரப் புதரும் ஓட்டை டிரம்களுமாகக் கிடந்த காலி நிலத்தைத் தெரு அன்றுதான் பார்த்தது. பாம்பு வரும், பூச்சி வரும் என்று ஒரே வாரத்தில் பதினொன்று. புதரை வெட்டி டிரம்களை அப்புறப்படுத்தினார். வெறும் மண் பறந்து துணியெல்லாம் புழுதி. அதற்குப் புல் போட்டு, நிழல் தரும் கன்றுகள் நட்டு, இயந்திரங்களைக் குளிர்வித்துவிட்டுச் சும்மா சாக்கடைக்குப் போன தண்ணீரைத் திருப்பிவிட்டார். பச்சையைக் கண்டதும் பிள்ளைகள் வலையில் ஏறிக் குதித்தார்கள். சட்டை கிழிகிறது என்று தாய்மார்கள் எழுதினார்கள். வலையில் ஒரு கதவு வைத்தார். கதவு வைத்தவர் உட்கார பெஞ்சு வைத்தாரா என்று கேட்டார்கள். வைத்தார். பெஞ்சுக்குச் சாய்மானம் சரியில்லை என்றார்கள்.

சாயங்காலமானால் அந்த இடத்தில் கால் வைக்க இடமிருக்காது. இலக்கு அதிகாரி வேலை முடிந்து அந்த வழியாகப் போனால் நாலு பேர் எழுந்து வருவார்கள், ஒவ்வொருவர் வாயிலும் ஒரு குறை இருக்கும். நின்று கேட்டுக்கொள்வார். ஸ்டோர்ஸில் இருந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவரை யாரும் இப்படி வழிமறித்துப் பேசியதில்லை. மனசின் ஒரு மூலையில் அது பிடித்தும் இருந்தது.

வருஷம் முடிந்தது. மொத்தப் புகார் நாற்பத்தொன்று.

பதினான்கை ஏழாக்க வேண்டியவர் நாற்பத்தொன்றாக்கிவிட்டார். வரைபடத்தில் கோடு ஏணி சாத்தியதுபோல மேலே போயிற்று. மேலாளர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார்.

"இப்படிப் பாத்தா நல்லாத்தான் இருக்கு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, தலைமை அலுவலகத்திலிருந்து சரிபார்க்கிறவர் திங்கட்கிழமை வருவதாகவும், தன்னால் முடிந்ததைச் சொல்லிப் பார்ப்பதாகவும் சொன்னார். அந்தக் குரலே போதுமாக இருந்தது.

சரிபார்க்க வந்தவர் ஒல்லியான, வார்த்தைக்குப் பஞ்சமுள்ள மனிதர். வரைபடத்தைப் பார்த்தார், மடித்து வைத்தார். தெருவைப் பார்க்க வேண்டும், தனியாகப் பார்க்க வேண்டும் என்றார்.

இலக்கு அதிகாரி வாசலிலேயே நின்றார். தூரத்தில் தெரிந்தது: அந்த மனிதரைச் சுற்றிக் கூட்டம், எல்லோரும் கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறார்கள். ஒரு அம்மா அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, எழுப்பி, மறுபடி உட்காரவைத்து எதையோ விளக்கினாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் இவர் மேஜை இழுப்பறையில் எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பதுவரை மனசுக்குள் முடிவுசெய்துவிட்டார். மகளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பிடிபடவில்லை.

ஆள் அனுப்பி அவரை அந்தப் பெஞ்சுக்கே கூப்பிட்டார் வந்தவர். கன்றுகள் ஆளுயரத்துக்கு வந்திருந்தன.

"பதினேழு கிளை பாத்துட்டேன்," என்றார். "எல்லா இடத்துலயும் கோடு கீழதான் போகுது. தெருவுல இறங்கிக் கேட்டா, யார்கிட்டப் போய்ச் சொல்றதுன்னே அங்க யாருக்கும் தெரியல. இங்க ஒரு அம்மா சாய்மானத்தைப் பத்தி இருபது நிமிஷம் எனக்குப் பாடம் எடுத்தாங்க. 'எங்க பெஞ்சு'ன்னு சொன்னாங்க, புரியுதா உங்களுக்கு?"

அதிகாரி தலையை ஆட்டினார். ஆமாம் என்பதற்கா இல்லை என்பதற்கா என்று அவருக்கே தெரியாது.

நாற்பத்தொன்றில் முப்பத்தெட்டு தீர்ந்திருக்கிறது, எண்ண வேண்டியது அதைத்தான் என்றார் வந்தவர். ஐந்தாவது இலக்கையே மாற்றி எழுதப் பரிந்துரைக்கப் போகிறாராம். இனி எத்தனை புகார் வந்தது என்பதல்ல, எத்தனை தீர்ந்தது என்பதே கணக்கு. மற்றக் கிளைக்காரர்கள் இங்கே வந்து பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு இவர் இருக்க வேண்டும் அல்லவா, ஆகவே பதவி நிரந்தரம்.

அதைக் கேட்டதும் அவர் வீட்டுக்குக்கூடப் போன் செய்யவில்லை. கால்கள் தாமாகத் தையல்கடைக்குப் போயின. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"எல்லாம் உங்களாலதாண்ணே. மனசுக்குள்ள வச்சுப் புழுங்கிட்டிருந்த ஜனங்களைத் தைரியமா எழுத வச்சீங்களே. அந்த முதல் பதினாலு மட்டும் வரலேன்னா இது எதுவுமே நடந்திருக்காது."

டெய்லர் மெஷினை நிறுத்தினார். வெளியே, புல்தரையில் கூடியிருந்த தெருவை ஒருமுறை பார்த்தார். காதோரம் சொறிந்துகொண்டார்.

"வேலை நிரந்தரம்னு ஆயிடுச்சுல்ல, அதனால சொல்றேன் சார்: பாவம் உங்க வேலை போயிடக் கூடாதேன்னு அந்தப் பதினாலையும் நாங்க தெருவோட இங்க உக்காந்து இட்டுக்கட்டினோம், நீங்க பாட்டுக்கு ஒவ்வொண்ணையும் நிஜமாவே சரிபண்ணக் கிளம்பிடுவீங்கன்னு யாரு கண்டா?"